ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்களா? முதல் மூணு மாசம் என்ன செய்யணும்

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில இருந்தோ, பாளையங்கோட்டையில ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இருந்தோ அப்பாவையோ ஆச்சியையோ டிஸ்சார்ஜ் பண்ணி கூட்டிட்டு வந்திருப்பீங்க. கையில ஒரு பை நிறைய மாத்திரை, ரெண்டு பக்க சம்மரி, "பம்பிங் கம்மியா இருக்கு, உப்பக் குறைங்க, பதினஞ்சு நாள் கழிச்சு வந்து காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் வீட்டுல என்ன நடக்கும்னா, சொந்தக்காரங்கள்ல பாதிப்பேர் ஆள் அவ்வளவுதான்னு அழ ஆரம்பிச்சிருவாங்க, மீதிப்பேர் அதான் மூச்சு சரியாயிட்டுல்லா இனி என்னன்னு விட்டுருவாங்க. ரெண்டுமே ஆபத்து. உடம்புக்கு வேண்டிய ரத்தத்த சரியா ஓட்ட முடியாம இதயம் தளர்ந்துபோறதத்தான் ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்லுதாங்க. இந்த நோய்க்கு உண்மையான வைத்தியம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குது, திரும்ப அட்மிட் ஆகறதும் உயிருக்கு மோசம் வர்றதும் டிஸ்சார்ஜ் ஆன முதல் ரெண்டு மூணு மாசத்துலதான் அதிகம்.

எங்க அம்மைக்கு பம்பிங் 28ன்னு சொன்னதுல இருந்து நான்தான் கூடவே இருந்து பாத்துக்கிட்டு வாரேன், அதுக்கப்புறம் தெருவுலயும் சொந்தத்துலயும் யாருக்கு இது வந்தாலும் என்கிட்ட வந்து கேக்காங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிருவோம்னு. நான் டாக்டர் இல்ல, டோஸ கூட்டறது குறைக்கறது எல்லாம் உங்க டாக்டர் சொல்லணும். ஆனா டாக்டர் உங்களப் பாக்கறது மாசத்துல பத்து நிமிஷம், மீதி நாளெல்லாம் வீட்டுலதான ஓடுது.

முதல் வேலை: எக்கோ ரிப்போர்ட்ட எடுத்துப் படிங்க

எக்கோங்கறது இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன். அதுல ஈஎஃப்னு போட்டு பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், அதத்தான் பம்பிங்னு சொல்லுதாங்க. ஒரு தடவை இதயம் சுருங்கும்போது உள்ள நிறைஞ்ச ரத்தத்துல எத்தனை சதவீதத்த வெளிய தள்ளுதுங்கறதுதான் அது. நல்லா இருக்கவங்களுக்கே 55ல இருந்து 70க்குள்ளதான் இருக்கும், யாருக்கும் நூறு வராது. அதனால 30ன்னு பாத்த உடனே எழுபது பங்கு இதயம் செத்துப்போச்சுன்னு கணக்குப் போடாதீங்க, எங்க சித்தி அப்படித்தான் நினைச்சு சாப்பிடாம கிடந்தாவ. 40ம் அதுக்குக் கீழயும் இருந்தா பம்பிங் குறைஞ்ச வகை. 41ல இருந்து 49 நடுவுல. 50க்கு மேல இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர்னு எழுதியிருந்தா, இதயம் விறைச்சுப் போய் ரத்தத்த வாங்கிக்க முடியாத வகை, வயசான, பிபி சுகர் உள்ள, உடம்பு கனத்த பொம்பளைங்களுக்கு இது நிறைய வருது. எந்த வகைன்னு பொறுத்து மருந்து மாறும், அதனால கேட்டுத் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அடுத்து, எதனால வந்துச்சுன்னு கண்டிப்பா கேளுங்க. நம்ம பக்கம் நிறைய பேருக்கு ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், முன்னாடி வந்த ஒரு அட்டாக்க கேஸ்னு நினைச்சு இஞ்சிச்சாறு குடிச்சுட்டு இருந்திருப்பாங்க. பல வருஷமா கட்டுப்படாத பிபி, சுகர், சின்ன வயசுல வந்த மூட்டுக்காய்ச்சலால கெட்டுப்போன வால்வு, சாராயம், பிரசவத்த ஒட்டி வர்றது, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வர்றது, தைராய்டுன்னு வேற காரணமும் உண்டு. அடைப்புன்னா ஆஞ்சியோ பாத்து ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவையான்னு முடிவு பண்ணுவாங்க, வால்வுன்னா ஆப்பரேஷன். காரணத்த சரி பண்ண முடிஞ்சா சில பேருக்கு பம்பிங் நல்லாவே ஏறும்.

மூச்சு முட்டறதும் கால் வீங்கறதும் ஏன்னும் தெரிஞ்சுக்கணும், அப்பதான் உப்ப ஏன் குறைக்கச் சொல்லுதாங்கன்னு வீட்டுல உள்ளவங்க நம்புவாங்க. இதயம் தளர்ந்தா கிட்னிக்குப் போற ரத்தம் குறையும், கிட்னி உடம்புல தண்ணி பத்தலன்னு எடுத்துக்கிட்டு உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வைக்கும், அந்தத் தண்ணிதான் நுரையீரல்லயும் கால்லயும் வயித்துலயும் போய் நிக்குது. அதோட உடம்பு சில ஹார்மோன்கள நிறைய சுரக்க விட்டு இதயத்த இன்னும் வேகமா அடிக்க வைக்கும், அது கொஞ்ச காலத்துக்கு உதவி, நாளாக நாளாக அதுவே இதயத்தக் கெடுக்கும். இப்போ குடுக்கற மருந்துல முக்கால்வாசி இந்த ஹார்மோன்கள அடக்கறதுக்குத்தான்.

இன்னொன்னு சொல்லிருதேன். முக்கூடல், ஆலங்குளம், தென்காசி பக்கம் பீடி சுத்துற அக்காமாரு நாள் முழுக்க சம்மணம் போட்டு உக்காந்திருக்கதால கால் வீங்கினா உக்காந்ததாலதான்னு விட்டுருதாங்க, மேல்மூச்சு வாங்கினா பீடித்தூள்னு விட்டுருதாங்க. படுத்தா மூச்சு முட்டுது, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திச்சு உக்காந்தாத்தான் சரியாகுது, படுத்தா வறட்டு இருமல் வருதுன்னு யாராவது சொன்னா நாட்டு மருந்துக்குப் போகாம ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொல்லுங்க.

வெயிட் மெஷின் வாங்குங்க

மாத்திரைக்கு அடுத்தபடியா இந்த நோய்ல உயிரக் காப்பாத்தற சாமான் இதுதான்னு நான் நம்புதேன். டிஜிட்டல் மெஷின், பாயில வைக்காம சமமான தரையில வைங்க. காலையில எந்திச்சு, யூரின் போயிட்டு, காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி, தினமும் ஒரே மாதிரி துணியில நிக்க வச்சு நோட்டுல எழுதுங்க. டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு கால்ல வீக்கம் இல்லாம மூச்சு சரியா இருந்தப்போ என்ன வெயிட்டோ அத முதல் பக்கத்துல பெருசா எழுதி வட்டம் போட்டு வைங்க. எங்க நோட்டுல ஒரு பக்கம் இப்படி இருக்கு: திங்கள் 58.2, செவ்வாய் 58.4, புதன் 59.3, வியாழன் 60.5. புதன்கிழமை அம்மைக்கு மூச்சும் முட்டல, கால்லயும் வீக்கம் இல்ல, "நல்லா சாப்பிடுதேன்லா, சதை பிடிக்கிட்டி"ன்னு சொல்லுதாவ. மூணு நாள்ல ரெண்டு கிலோவுக்கு மேல ஏறினா அது சதை இல்ல, தண்ணி. வியாழக்கிழமையே டாக்டருக்குப் போன் பண்ணினோம், தண்ணி மாத்திரைய, அதாவது சேந்த தண்ணிய யூரின்ல வெளியேத்தற மாத்திரைய, மூணு நாளைக்கு கூட்டிக் குடுக்கச் சொன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகாம வீட்டுலயே இறங்கிட்டு. கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள உடம்புல சில லிட்டர் தண்ணி சேந்திருக்கும், வெயிட்டு மட்டும்தான் முன்னாடியே காட்டிக்குடுக்கும்.

அந்த நோட்டுலயே பிபி, நாடித்துடிப்பு, எத்தனை தலையணை வச்சுத் தூங்கினாங்க, இதையும் ஒரு ஓரமா எழுதுங்க. ஒரு தலையணையில படுத்தவங்க மூணு கேக்க ஆரம்பிச்சா அது பெரிய சேதி. கணுக்காலுக்கு மேல முன்பக்க எலும்பு மேல கட்டைவிரல வச்சு கொஞ்ச நேரம் அமுக்கி எடுங்க, குழி விழுந்து மெதுவா நிறைஞ்சா நீர். படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு கால்ல தெரியாது, இடுப்புக்குப் பின்னாடி அமுக்கிப் பாக்கணும். டாக்டர்கிட்ட போகும்போது இந்த நோட்டக் கொண்டு போங்க, அஞ்சு நிமிஷத்துல முடியற பேச்சு உருப்படியா நடக்கும்.

மாத்திரை

இதுலதான் கொஞ்சம் பொறுமையா படிக்கணும். பையில இருக்க மாத்திரை ரெண்டு வேலைக்கு. ஒண்ணு தண்ணிய வெளியேத்தறது, லாசிக்ஸ், டைட்டர்னு சொல்லுவாங்களே அது. போட்ட கொஞ்ச நேரத்துல யூரின் போகும், மூச்சு லேசாகும், அதனால எல்லாரும் இதுதான் மெயின் மருந்துன்னு நினைக்காங்க. இது கஷ்டத்தக் குறைக்கும், ஆனா ஆயுசக் கூட்டுதுன்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்ல. ஆயுசக் கூட்டறது வேற நாலு மருந்து, அத போட்டா உடனே ஒண்ணும் தெரியாது, அதனாலயே ஜனங்க அத நிறுத்திருதாங்க.

பம்பிங் 40க்குக் கீழ உள்ளவங்களுக்கு அந்த நாலு என்னன்னா: சாகுபிட்ரில் வால்சார்ட்டன், அது ஒத்துக்காட்டி இல்ல வாங்க முடியாட்டி எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி ஒண்ணு, ரெண்டாவது பீட்டா பிளாக்கர், அதாவது பைசோப்ரலால், கார்வெடிலால், மெட்டோப்ரலால் சக்சினேட் இதுல ஏதாவது ஒண்ணு, மூணாவது ஸ்பைரோனோலாக்டோன் இல்ல எப்லெரெனோன், நாலாவது டாபாகிளிஃப்ளோசின் இல்ல எம்பாகிளிஃப்ளோசின், இது சுகர் மாத்திரையா வந்தது, சுகர் இல்லாதவங்களுக்கும் இதயத்துக்காகக் குடுக்காங்க, அதனால "எங்க அப்பாவுக்கு சுகரே இல்லையே, மாத்தி எழுதிட்டாங்க"ன்னு நிறுத்திராதீங்க. ஸ்பைரோனோலாக்டோன் ரொம்பப் பழைய, ரொம்ப விலை குறைஞ்ச மாத்திரை, 1999ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில கடுமையான ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவங்க சாவ முப்பது சதவீதம் குறைச்சிருக்கு. விலை கம்மின்னா மருந்தும் மட்டம்னு நினைக்கறவங்களுக்கு இத நான் எப்பவும் சொல்லுவேன். பம்பிங் 50க்கு மேல உள்ள வகைக்கு இந்த நாலுல டாபா, எம்பா ரெண்டுக்கும்தான் நல்ல ஆதாரம் இருக்கு, அதோட பிபிய சரியா வைக்கறது, தண்ணி மாத்திரை, எடையக் குறைக்கறது.

உங்க சீட்டுல இந்த நாலும் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா சண்டைக்குப் போகாதீங்க, "சார், இந்த மருந்து எங்க அப்பாவுக்கு ஏன் வேண்டாம்னு விட்டுருக்கீங்க"ன்னு மரியாதையா கேளுங்க, கிட்னி, பொட்டாசியம், பிபி, ஆஸ்துமான்னு காரணம் இருக்கும், காரணம் இல்லன்னா அடுத்த தடவை எழுதுவாங்க. எல்லாத்தையும் சின்ன டோஸ்லதான் ஆரம்பிப்பாங்க, அப்படியே விட்டுட்டா பலன் பாதிதான். 2022ல வந்த ஸ்ட்ராங் எச்எஃப்னு ஒரு ஆராய்ச்சியில, டிஸ்சார்ஜ் ஆன ரெண்டு வாரத்துக்குள்ள டோஸ முழுசா ஏத்தி, அடிக்கடி வரவழைச்சு ரத்தம் பாத்து பாத்துக்கிட்டவங்கள்ல ஆறு மாசத்துல செத்தவங்களும் ஹார்ட் ஃபெயிலியருக்காக திரும்ப அட்மிட் ஆனவங்களும் சேத்து 15 சதவீதம், வழக்கமா பாத்துக்கிட்டவங்கள்ல 23 சதவீதம். அதனால பதினஞ்சு நாள்ல வாங்கன்னு சொன்னா, நல்லாத்தான இருக்காங்க அடுத்த மாசம் போவோம்னு தள்ளாதீங்க. அந்தப் பதினஞ்சாவது நாள்ல ரத்தத்துல கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின், அதோட சோடியம், பொட்டாசியம் கட்டாயம் பாக்கணும், பொட்டாசியம் ஏறிட்டா இதயத்துடிப்பே தாறுமாறாகும்.

சில தொந்தரவு வரும், முன்னாடியே தெரிஞ்சா பயம் இருக்காது. பீட்டா பிளாக்கர் ஆரம்பிச்ச முதல் சில வாரம் அசதியா இருக்கும், பெரும்பாலும் அப்புறம் சரியாகும். பிபி 95, 100ன்னு காட்டும், தலைசுத்தல் இல்லன்னா அது பரவாயில்லன்னுதான் பெரும்பாலும் டாக்டருங்க சொல்லுதாங்க, மெடிக்கல் ஸ்டோர்ல மெஷின் வச்சுப் பாத்துட்டு "பிபி லோவா இருக்கு, நிறுத்துங்க"ன்னு சொல்லுவாங்க, அத மட்டும் கேக்காதீங்க. ராமிப்ரில் வகைக்கு வறட்டு இருமல் வரலாம். அதுல இருந்து சாகுபிட்ரில் மாத்திரைக்கு மாத்தினா நடுவுல 36 மணி நேரம் இடைவெளி வேணும், ரெண்டும் சேந்தா முகமும் நாக்கும் வீங்கி மூச்சு அடைக்கலாம், அதனால பழைய அட்டையத் தூக்கி எறிஞ்சிருங்க, அலமாரியில வச்சா ஆச்சி எடுத்துப் போட்டுருவாவ. ஸ்பைரோனோலாக்டோன் போடற ஆம்பளைங்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம், வெக்கப்பட்டு மறைக்காம சொன்னா எப்லெரெனோனுக்கு மாத்துவாங்க. டாபா, எம்பா போட்டா பிறப்புறுப்புல அரிப்பு, படைன்னு வரலாம், தினமும் தண்ணி விட்டுக் கழுவி ஈரம் இல்லாம வச்சுக்கிட்டா நிறைய குறையும். குழந்தை பெத்துக்கற வயசுல இருக்க பொம்பளைங்க இந்த மருந்துல சிலது கருவக் கெடுக்கும்ங்கறத டாக்டர்கிட்ட பேசியே ஆகணும்.

வாந்தி பேதி வந்தா, காய்ச்சல்ல ஒண்ணும் சாப்பிட முடியலன்னா, அன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க, டாபா, ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன், தண்ணி மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லலாம், இல்லன்னா கிட்னி அடிபடும். மேலப்பாளையத்துல நோன்பு வைக்கறவங்களும், புரட்டாசி சனிக்கிழமை பட்டினி இருக்கறவங்களும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை நேரத்த மாத்திக்கோங்க. கத்திரி வெயில் நேரத்துல வேர்வையில தண்ணி நிறைய போகும், தண்ணி மாத்திரை டோஸ் அதே அளவு வேணுமான்னு கேளுங்க.

திசையன்விளையில இருந்தோ களக்காட்டுல இருந்தோ பஸ்ஸுல டவுனுக்கு வர்றவங்க நிறைய பேர் செய்யற வேலை ஒண்ணு இருக்கு, வழியில யூரின் வந்தா எங்க போகன்னு அன்னைக்கு தண்ணி மாத்திரையப் போடாம வந்துருதாங்க, டாக்டரப் பாக்கற அன்னைக்கே மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பாங்க. விடவே வேண்டாம், சீக்கிரமே எந்திச்சுப் போட்டுட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுக் கிளம்பலாம், இல்ல ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்த பிறகு போடலாம், ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டு நேரத்தப் பேசி வச்சுக்கோங்க.

நல்லாயிட்டுன்னு நிறுத்தலாமான்னு எல்லாரும் கேக்காங்க. பம்பிங் நல்லா ஏறி, எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கே மருந்த மெதுவா நிறுத்திப் பாத்தாங்க லண்டன்ல, 2018ல வந்த ஆராய்ச்சி, ஆறு மாசத்துக்குள்ள நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல நோய் திரும்பி வந்துட்டு. அதனால நிறுத்தாதீங்க.

போடக்கூடாத மாத்திரை

மூட்டுவலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கற டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், இதுதான் நம்ம ஊருல ஆளத் திரும்ப ஆஸ்பத்திரியில கொண்டு போடற பெரிய காரணம்னு எனக்குத் தோணுது. உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், கிட்னியையும் கெடுக்கும். வலிக்கு பாராசிட்டமால் போடலாம், தண்ணியில போட்டா பொங்கற வகை வேண்டாம், அதுல சோடியம் அதிகம். வயித்துக்கு கலக்கிக் குடிக்கற சோடா உப்பு பவுடரும் அப்படித்தான். சுகருக்கு பயோகிளிட்டசோன் எழுதியிருந்தா இதய டாக்டர்கிட்ட காட்டுங்க. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கற சார்பிட்ரேட் உள்ளவங்க ஆண்மைக்குன்னு விக்கற சில்டினாஃபில் மாத்திரைய தொடவே கூடாது, பிபி ஒரேயடியா விழுந்துரும். லேகியம், கஷாயம் குடிக்கணும்னா மறைக்காம டப்பாவக் கொண்டு போய் காட்டிருங்க.

சாப்பாடு

ஒரு நாளைக்கு எல்லாத்துக்கும் சேத்து அஞ்சு கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். குழம்புல குறைச்சுட்டு தொட்டுக்க கருவாடு வச்சா என்ன பிரயோஜனம்? கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய், மிக்சர், பேக்கரி ஐட்டம், புரோட்டா சால்னா, இதுலதான் உப்பு ஒளிஞ்சிருக்கு. கருவாட்டத் தண்ணியில ஊறப்போட்டாலும் முழுசா போகாது. நம்ம சொதி, அவியல், உளுந்தஞ்சோறு இதெல்லாம் தாராளமா சாப்பிடலாம், வீட்டுல எல்லாருக்கும் உப்பில்லாம வடிச்சு இறக்கிட்டு, அவங்கவங்க தட்டுல போட்டுக்கற மாதிரி வச்சா நோயாளிக்குத் தனியா சமைக்கற வேலை மிச்சம். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை கூட்டினா ரெண்டு மூணு வாரத்துல நாக்கு பழகிரும். இந்துப்பும் உப்புதான், அதுலயும் சோடியம்தான். கடையில சோடியம் குறைஞ்சதுன்னு விக்கற உப்புல பொட்டாசியம் கலந்திருக்கு, ஸ்பைரோனோலாக்டோன் போடறவங்களுக்கு அது ஆபத்து. இளநீர்லயும் பொட்டாசியம் அதிகம், உங்க ரத்த ரிப்போர்ட்டப் பாத்து டாக்டர் சொல்லட்டும். பதநீர் சீசன்ல சுகர் உள்ளவங்க கவனம்.

தண்ணிய ஒன்றரை லிட்டருக்குள்ள வைக்கச் சொல்லியிருந்தா காலையிலயே ஒரு பாட்டில்ல அளந்து வச்சிருங்க, காப்பி, ரசம், மோர், நீத்தண்ணி, கஞ்சி எல்லாம் கணக்குல சேரும். எல்லாருக்கும் தண்ணிக் கட்டுப்பாடு தேவையில்ல, சொன்னா மட்டும் போதும். தாகம் எடுத்தா வாயக் கொப்பளிக்கலாம், ஒரு துண்டு ஐஸ் வாயில வச்சுக்கலாம். பத்தியம்னு சொல்லி வெறுங்கஞ்சி மட்டும் குடுத்து ஆள உருக்கிராதீங்க, முட்டை, மீன், பருப்பு, பயறு வேணும், சதை கரைஞ்சவங்களுக்கு இந்த நோய் இன்னும் மோசமாகுது. ரத்தத்துல ஃபெரிட்டின் பாக்கச் சொல்லிக் கேளுங்க, இரும்புச்சத்து குறைவா இருந்தா மாத்திரையில பெருசா ஏறாது, ட்ரிப்ல ஏத்துவாங்க, அசதி நல்லாக் குறையும்.

சாராயம் நிறுத்தணும், அதுவே காரணமா இருந்தவங்க ஒரு சொட்டு தொடக்கூடாது. பீடி, சிகரெட், புகையிலையும் அப்படித்தான். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போட்டுக்கோங்க.

நடை

மூச்சு சரியானதும் படுத்தே கிடக்கக்கூடாது. முதல்ல வீட்டுக்குள்ள, அப்புறம் தெருமுனை வரை, பேசிக்கிட்டே நடக்க முடியணும், பேச முடியாம இளைச்சா வேகத்தக் குறைங்க. நெல்லையப்பர் கோயில் பிரகாரத்துல சாயங்காலம் நடக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, நிழல், சமதளம், உக்கார இடம், நல்ல இடம்தான். குத்தாலம் சாரல் சீசன்ல அருவிக்கு அடியில போய் நிக்கறத டாக்டர் சொல்லாம செய்யாதீங்க, குளிர்ந்த தண்ணி திடீர்னு மேல விழுந்தா ரத்தக்குழாய் சுருங்கி இதயத்துக்குப் பளு கூடும்.

எப்போ ஓடணும்

உக்காந்திருக்கும்போதே மூச்சு முட்டுது, சளி நுரையா ரோஸ் கலர்ல வருது, நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம், ஆள் குழம்பிப் பேசுதாங்க, இதுல எது வந்தாலும் 108. வண்டி வர்ற வரைக்கும் நிமிந்து உக்கார வச்சு காலத் தொங்கப் போடுங்க, தண்ணி குடுக்காதீங்க, ஆட்டோவுல மடியில படுக்கப் போட்டு கொண்டு போகவே போகாதீங்க, படுத்தா நுரையீரல்ல தண்ணி இன்னும் ஏறும். மாத்திரைச் சீட்டும் கடைசி எக்கோவும் ஒரு கவர்ல போட்டு கதவுப் பக்கத்துலயே தொங்கட்டும்.

காசு

சாகுபிட்ரில் வால்சார்ட்டன் முன்னாடி சாமானியங்க வாங்க முடியாத விலை, 2023ல இருந்து நம்ம நாட்டுல நிறைய கம்பெனி தயாரிக்கறதால ரொம்பக் குறைஞ்சிருக்கு, டாபா 2020லயே குறைஞ்சாச்சு, எம்பா 2025ல. அதனால பழைய விலைய நினைச்சு விடாதீங்க, மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ரெண்டுலயும் விசாரிங்க. சர்க்கார் ஆஸ்பத்திரியில என்னென்ன இலவசமா கிடைக்குதுன்னு அங்கயே கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லன்னா உடனே எடுங்க, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ளன்னா வருமானச் சான்று, ரேஷன் கார்டோட கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல பதியலாம், வருஷத்துக்கு குடும்பத்துக்கு அஞ்சு லட்சம் வரை. ஆள் ஐசியுல இருக்கும்போது அட்டைக்கு அலையறது ரொம்பக் கொடுமை.

எவ்வளவு நாள் இருப்பாங்க?

இத யாரும் வாய்விட்டுக் கேக்கறதில்ல, மனசுக்குள்ள எல்லாருக்கும் இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்துல 2013ல அட்மிட் ஆன 1205 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. ஒரு வருஷத்துல ஏறக்குறைய 31 சதவீதம் பேர் இறந்துட்டாங்க, அஞ்சு வருஷத்துல 59 சதவீதம். கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அதே கணக்குல இன்னொன்னும் இருக்கு: பம்பிங் குறைஞ்சவங்கள்ல கால்வாசிப் பேருக்குத்தான் சரியான மருந்து முழுசா போயிருக்கு, அப்படிப் போனவங்கள்ல இறப்பு குறைவா இருந்திருக்கு. அதுவும் டாபா, சாகுபிட்ரில் எல்லாம் வர்றதுக்கு முந்தின காலம். அதனால அந்த 59 உங்க அப்பாவோட தலையெழுத்து இல்ல. மருந்து சரியா போறவங்க பல பேர் பம்பிங் 25ல இருந்து 40, 45 வரை வந்திருக்காங்க, சாராயத்த விட்டவங்க, பிரசவத்துல வந்தவங்க, வால்வு சரி பண்ணினவங்க அதுல நிறைய. கிட்னி சரியில்லாதவங்க, அடிக்கடி அட்மிட் ஆகறவங்க, பிபி விழுந்து மருந்தே போட முடியாதவங்க, இவங்களுக்கு நிலைமை கொஞ்சம் கடினம்.

மூணு மாசம் மருந்து முழுசா போன பிறகு எக்கோவ மறுபடி எடுக்கணும், மறந்துராதீங்க. அப்பவும் ஈஎஃப் 35க்கு மேல ஏறலன்னா ஐசிடின்னு ஒரு கருவிய தோளுக்குக் கீழ தோலுக்கடியில வைக்கறதப் பத்திப் பேசுவாங்க, துடிப்பு திடீர்னு தாறுமாறானா அது ஷாக் குடுத்து சரி பண்ணும். ஈசிஜில ஒரு குறிப்பிட்ட மாத்தம் இருந்தா இதயத்தோட ரெண்டு பக்கத்தையும் சேந்து துடிக்க வைக்கற பேஸ்மேக்கர் உண்டு. வயசு கம்மியா இருந்து எதுவும் பலிக்கலன்னா மாற்று இதயம், அதுக்கு தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துல பதியணும், ஆப்பரேஷனுக்குப் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகணும். எதுவும் முடியாத கட்டத்துல மூச்சுத்திணறலக் குறைக்க மார்ஃபின் மாதிரி மருந்து இருக்கு, வலி தணிப்பு சிகிச்சைன்னு கேட்டா சொல்லுவாங்க, அது சாகறதுக்குக் குடுக்கற மருந்துன்னு பயப்பட வேண்டாம். நோயாளிக்கு என்ன வேணும், ஐசியு வேணுமா வீட்டுல இருக்கணுமான்னு அவங்க தெளிவா பேசற காலத்துலயே கேட்டு வைங்க, மகன் துபாய்ல மக சென்னையிலன்னு இருக்க வீடுகள்ல கடைசி நேரத்துல இதுதான் பெரிய சண்டையாகுது.

அடைப்பும் இல்ல, பிபியும் இல்ல, வால்வும் நல்லாருக்கு, ஆனா இதயம் பெருத்து பம்பிங் குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்கன்னா அது குடும்பத்துல ஓடற நோயா இருக்கலாம், கூடப்பிறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாட்டியும் ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்துப் பாத்திருங்க.